வெள்ளிக் கட்டும் உப்புத் தண்ணீரும்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் எழுதத் தெரிந்தவன் இல்லை. பதினாறு வயதில் எழுதும் சாதாரண தரப் பரீட்சை வரை படித்தேன், அதிலும் கணக்கில் தவறினேன். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் வாய் திறக்காத ஆள். பண்டாரவளையில் சிறு இதழ் நடத்தும் என் பழைய வகுப்புத் தோழர், "அங்க நடக்கிறத ரெண்டு பக்கம் எழுதி அனுப்புடா" என்று மூன்று வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பனியைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள் என்று தட்டிக் கழித்தேன்.

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் மனைவியின் கால் விரல்கள். வலது காலில் இரண்டு விரல்களை வெட்டுவதா, விடுவதா என்று நாளைக்கு ஒரு மருத்துவர் சொல்லப்போகிறார். இன்று வேலைக்கு லீவு போட்டிருக்கிறேன். சும்மா இருந்தால் மனம் ஓடிக்கொண்டே இருக்கிறது. இதில் நான் செய்த ஒரு தவறும் உண்டு. தேயிலைத் தோட்டத்து ஆட்களில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள் என்று நினைக்கிறேன். அதனால்தான் உங்களுக்குச் சொல்லத் தோன்றியது.

1

நாங்கள் இருப்பது நோர்வேயில், மேற்குக் கடலோரத்தில் ஒரு சின்ன நகரம். நான் எப்படி இங்கே வந்தேன் என்பது வேறு கதை. இலங்கையில் அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனேன், அங்கிருந்து இங்கே. புஷ்பம் கல்யாணத்துக்குப் பிறகு வந்தாள். மகள் அனுஷா இங்கே பிறந்தவள். பதினேழு வயது.

எனக்கு உப்பு மீன் தொழிற்சாலையில் வேலை. கடலிலிருந்து வரும் பெரிய மீன்களைப் பிளந்து, உப்பு போட்டு, அடுக்கி, காயவைத்து ஏற்றுமதி செய்வார்கள். பத்தொன்பது வருடமாக என் கை உப்பிலேதான் இருக்கிறது. உப்பு பட்ட மீன் மாதக்கணக்கில் கெடாது. இதை நான் தினமும் கண்ணால் பார்க்கிறவன். இது பின்னால் வரும் விஷயத்துக்கு முக்கியம்.

புஷ்பம் முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை செய்கிறாள். ஐந்து வருடமாகச் சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. என்னைப் போல இல்லை, நன்றாகப் பேசுவாள். மொழி பாதிதான் தெரியும். மீதியைக் கையாலும் கண்ணாலும் பேசி எல்லோரையும் சிரிக்க வைத்துவிடுவாள்.

2

புண் வந்தது மெட்டியால்.

வெயில் காலத்தில் மெட்டியால் ஒரு தொந்தரவும் இல்லை. குளிர் காலத்தில் தடித்த காலுறை, அதற்கு மேல் பூட்ஸ். அதற்குள் மெட்டி விரலை அறுத்திருக்கிறது. சீனி வருத்தம் கூடினால் பாதத்தில் உணர்ச்சி குறையும் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. அவளுக்கு வலிக்கவேயில்லை. ஒரு நாள் காலுறையைக் கழற்றும்போது அதில் ஈரம் இருந்தது. பார்த்தால் இரண்டாம் விரலின் அடியில் ஐம்பது சத நாணயம் அளவில் புண். பக்கத்து விரலும் சிவந்து வீங்கியிருந்தது.

காயங்களுக்கென்றே இங்கே ஒரு கிளினிக் இருக்கிறது. அங்கே எங்களைப் பார்த்த தாதியின் பெயர் மாரித். ஐம்பது வயதிருக்கும், உயரமான பெண். வீங்கிய விரலிலிருந்து மெட்டி கழலவில்லை. சின்னக் குறடு ஒன்றை எடுத்து நறுக்கிவிட்டாள்.

புஷ்பம் என்னைப் பார்த்தாள்.

"பாத்தீங்களா, புருஷன் குத்துக்கல்லு மாதிரி பக்கத்துல இருக்கையிலயே மெட்டிய அறுத்துட்டாங்க. எங்கம்மா இருந்திருந்தா இந்நேரம் மாரடிச்சிருக்கும்."

"சும்மா இரு."

"இருக்கேன். நீங்கதான் அழுவுற மாதிரி இருக்கீங்க."

மாரித்துக்கு என்ன விளங்கியதோ, அவளும் சிரித்தாள். அன்றிலிருந்து புஷ்பத்துக்கு அவள் மாரியாத்தா.

3

மொழிபெயர்க்க அனுஷாவைக் கூட்டிப் போயிருந்தோம். அது கூடாதாம். பிள்ளைகளை வைத்துப் பெற்றோரின் நோயைப் பற்றிப் பேசக் கூடாது என்பது இங்கே சட்டம். மாரித் மரியாதையாகத்தான் சொன்னாள். அனுஷா எழுந்து வெளியே போய்க் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அவளுக்கு அது நிம்மதியா, கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச காலமாகவே எங்கள் வீட்டில் அவள் எதைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்பது தெரிவதில்லை. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்துவாள்.

அவளுக்குப் பதிலாக ஒரு தொலைபேசிக் குரல் வந்தது. யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர், வேறு ஏதோ நகரத்திலிருந்து. மேசை மேல் தொலைபேசியை வைத்து, நாங்கள் மூவரும் அதைப் பார்த்துப் பேசினோம்.

மாரித் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். கிருமிகள் தனித்தனியாக இருக்கும்போது மருந்துக்குச் சாகும். புண் ஆறாமல் நாள்பட்டால் அவை ஒன்று சேர்ந்து, தம்மைச் சுற்றி வழுவழுப்பாக ஒரு படலத்தைக் கட்டிக்கொள்ளும். பிறகு மருந்து மேலே வழிந்துபோகும், உள்ளே போகாது.

இதை நான் உடனே புரிந்துகொண்டேன். தோட்டத்தில் ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பிராக்கள், அதாவது ஒற்றை அறைகள், கட்டியதுதான் லயம். எங்கள் லயத்துக்குத் தண்ணீர் வந்து விழும் குழாய்க்குள், அதைப் பீலி என்போம், கை விட்டால் வழுக்கும். எவ்வளவு வேகமாகத் தண்ணீர் ஓடினாலும் அந்த வழுக்கல் போகாது. தேங்காய்த் தும்பால் தேய்த்தால்தான் போகும். பத்து நாளில் திரும்ப வந்துவிடும்.

புஷ்பத்துக்கு வேறு மாதிரி விளங்கியது. "அப்ப என் காலுக்குள்ள லயம் கட்டிட்டாங்கனு சொல்லுங்க. ஒரே கூரை, பத்துக் காம்பிரா."

தொலைபேசி அண்ணன் முதலில் சிரித்துவிட்டார். பிறகு, "அக்கா, இதை எப்பிடி நான் மொழிபெயர்க்கிறது" என்றார்.

முதலில் அந்தப் படலத்தைச் சுரண்ட வேண்டும். மாரித் சின்னக் கரண்டி போன்ற ஒரு கருவியால் சுரண்டினாள். அதற்குப் பிறகு வைத்தது வெள்ளி. நம் வெள்ளிதான், மெட்டியும் கொலுசும் செய்கிற வெள்ளி. அதைக் கண்ணுக்கோ சாதாரண உருப்பெருக்கிக்கோ தெரியாத அளவு நுண்ணிய துகள்களாக்கித் துணியில் படிய வைத்திருக்கிறார்கள். நானோத் துகள் என்கிறார்கள். கட்டி வெள்ளியில் மேல்பரப்பு மட்டும்தான் வெளியே இருக்கும். துகளாக்கினால் எல்லாப் பக்கமும் மேல்பரப்பு. ஈரம் பட்டதும் அதிலிருந்து வெள்ளி கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருக்கும். கிருமியின் தோலை ஓட்டையாக்கி உள்ளே புகுந்து அதைக் கெடுக்கும். சுரண்டிய பிறகு திரும்பவும் படலம் கட்ட விடாமல் தடுக்கும். அந்தத் துணி கருநீல நிறத்தில் இருந்தது.

"எங்கப்பாவால எனக்குக் கொலுசு போட முடியல. கவர்மெண்ட்டு போடுது" என்றாள் புஷ்பம்.

வீட்டிலேயே மூன்று நாளுக்கு ஒரு முறை கட்டு மாற்ற வேண்டும். தாதி வீட்டுக்கு வருவாள் என்றார்கள். எனக்கு வேற்று ஆட்கள் வீட்டுக்குள் வருவது கூச்சம். நானே செய்கிறேன் என்றேன். மாரித் கட்டுகளும், அவற்றை நனைக்கச் சின்னச் சின்னப் போத்தல்களில் தண்ணீரும், ஒரு மடித்த தாளும் தந்தாள்.

"கிருமி நீக்கின தண்ணி, அண்ணை. துணியை அதால மட்டும் நனைக்கட்டாம். வேற ஒண்டும் கலக்க வேண்டாமாம். விளங்கிச்சுதோ?"

"சரிங்க" என்றேன். எனக்கு நன்றாக விளங்கியது. அதனால் இதில் மொழியின் மேல் பழி போட வழியில்லை.

4

என் அப்பா கவ்வாத்துக்காரர். தேயிலைச் செடியை அரையளவுக்கு வெட்டிவிடுவதுதான் கவ்வாத்து. அந்தக் கத்தி வளைந்து, நல்ல கூராக இருக்கும். ஒரு நாள் செடியைத் தாண்டிக் காலில் இறங்கிவிட்டது. தோட்டத்து டிஸ்பென்சரியில் உப்புத் தண்ணீரால் கழுவிக் கட்டினார்கள். நாளைக்கும் வா என்றார்கள். அப்பா போகவில்லை. காலையில் பெரட்டுக்கு, அதுதான் வேலை பிரிக்கும் இடம், அங்கே போனால்தான் அன்றைக்குப் பேர் விழும், சம்பளமும் கிடைக்கும். டிஸ்பென்சரியில் வரிசையில் நின்றால் பேர் போய்விடும். இரண்டு வாரம் அந்தக் காலோடு மலை ஏறினார். கடைசியில் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது முதலில் விரல்களை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். அதற்கு இன்றும் நன்றி.

நான் சாதாரண தரம் எழுதிய வருடம் அது. எனக்குள் நின்றுபோன பாடம் ஒன்றுதான். தினமும் உப்புத் தண்ணீரால் கழுவியிருந்தால் அப்பாவின் கால் இருந்திருக்கும்.

அட்டை கடித்தால் உப்பு. தொண்டை கட்டினால் உப்பு. பல் வலித்தால் உப்பு. மலைக்குப் போகிறவர்கள் மடியில் ஒரு துணி முடிச்சில் உப்பு வைத்திருப்பார்கள். "வேறு ஒன்றும் கலக்க வேண்டாம்" என்றால், எங்களுக்கு உப்பு வேறு பொருள் அல்ல. வெறும் தண்ணீர் எப்படி மருந்தாகும்?

முதல் தடவை கட்டு மாற்றும்போது போத்தல் தண்ணீரை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் கலக்கினேன்.

"என்னத்தக் கலக்குறீங்க?"

"உப்பு. கொஞ்சந்தான்."

"மாரியாத்தா சொல்லுச்சா?"

"இதெல்லாம் சொல்லணுமா? அவங்கள அட்டையா கடிச்சிருக்கு, கத்தியா வெட்டியிருக்கு?"

"அதுவும் சரிதான். போடுங்க. கொஞ்சம் புளியும் போட்டீங்கனா ரசமாயிரும்."

அடுத்த தடவை ஒரு சிட்டிகை இரண்டானது. புண் வேகமாக ஆறட்டும் என்று.

5

நான்கு வாரம் போனது. வாரம் ஒரு முறை கிளினிக்கில் மாரித் கட்டைப் பிரித்துப் பார்ப்பாள். புண் ஆறவில்லை. சுரண்டிய இடத்தில் திரும்பத் திரும்ப அந்த வழுக்கல் வந்தது. மூன்றாவது வாரம் இரண்டாம் விரலின் நுனி கறுத்தது, வாடையும் வரத் தொடங்கியது. அந்த வாடையை நான் என் பதினாறு வயதில் எங்கள் காம்பிராவில் முகர்ந்திருக்கிறேன். பஸ்ஸில் வீட்டுக்கு வரும்வரை என்னால் புஷ்பத்தின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நான்காவது வாரம் மாரித் கழற்றிய துணியை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தொலைபேசிக் குரல் கேட்டது.

"அண்ணை, எந்தத் தண்ணி பாவிக்கிறீங்கள் எண்டு கேக்கிறா."

"அவுங்க குடுத்த போத்தல் தண்ணிதாங்க."

புஷ்பம் என்னைப் பார்த்தாள். பஸ் ஏறி உட்கார்ந்த பிறகு கேட்டாள்.

"ஏன் உப்பச் சொல்லல?"

"போத்தல் தண்ணிதானே."

"நான் உப்பக் கேட்டேன்."

"சிரிப்பாங்க புஷ்பம். காட்டுல இருந்து வந்தவனுங்கனு நெனைப்பாங்க."

"நெனைச்சா நெனைச்சிட்டுப் போறாங்க. நம்ம என்ன மாளிகையில இருந்தா வந்தோம்?"

அவள் சொன்னது சரி. உப்பால் கெடுதி என்று எனக்கு அப்போது தெரியாது. ஆனால் கேட்டபோது சொல்லாமல் விட்டது கூச்சத்தால். என் ஆயுளில் நான் சொல்லாமல் விட்டவை நிறைய. பெரும்பாலும் அதனால் எனக்குத்தான் நட்டம். இந்தத் தடவை அவளுடைய காலுக்கு.

அடுத்த வாரம் ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தது. சத்திரசிகிச்சை மருத்துவரைப் பார்க்கத் திகதி. இரண்டு விரல்களை அகற்றுவது பற்றிப் பேச என்று அதில் இருந்ததை அனுஷா வாசித்துச் சொன்னாள். வாசித்துவிட்டு வழக்கம்போல அறைக்குள் போகவில்லை. சமையலறை மேசையில் உட்கார்ந்து, இழுப்பறையைத் திறந்து, மாரித் தந்த மடித்த தாளை எடுத்தாள். ஒரு மாதமாக அதை யாரும் பிரிக்கவில்லை. சட்டப்படி அவளுக்கு அதில் வேலை இல்லை. எங்களுக்கு இந்த ஊர் மொழி வாசிக்கத் தெரியாது.

கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டாள்.

"அப்பா, கட்டு நனைக்கிற தண்ணியில உப்பு போடுறீங்களா?"

என் கண் அடுப்புப் பக்கம் இருந்த உப்புப் போத்தலுக்குப் போனது.

"நான் பாத்திருக்கேன். சமையலுக்குன்னு நெனச்சேன். இதுல போட்டிருக்கு, உப்புத் தண்ணி கூடாது. உப்பு வெள்ளியப் புடிச்சிக்கும். அப்புறம் வெள்ளி வேலை செய்யாது. படம்கூட இருக்கு, பாருங்க."

ஒரு துளி வரைந்து, மேலே குறுக்குக் கோடு போட்டிருந்தது. இதற்கு மொழியே தேவையில்லை.

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். "எனக்கு இத முன்னாடியே குடுத்திருக்கலாம்தானே" என்று மட்டும் கேட்டாள்.

6

மறுநாள் காலை கிளினிக் திறக்கும் நேரத்துக்குப் போய் நின்றேன். திகதி எடுக்கவில்லை, தொலைபேசி அண்ணனும் இல்லை. அனுஷாவுக்குப் பரீட்சை. கூட வருகிறேன் என்றவளை நான்தான் அனுப்பிவிட்டேன். சட்டைப் பையில் சமையலறை உப்புப் போத்தலை வைத்திருந்தேன். எப்படிச் சொல்வதென்று தெரியாததால் காட்டலாம் என்று எடுத்துப்போனேன்.

திகதி இல்லாமல் பார்க்க முடியாது என்றாள் முன்மேசைப் பெண். நான் போத்தலை எடுத்து மேசையில் வைத்தேன். அவள் அதையும் என்னையும் பார்த்தாள். எனக்குக் காது சுட்டது. திரும்பிப் போய்விடலாம் என்று இருந்தது. அப்பாவின் கால் ஞாபகம் வந்ததால் நின்றேன்.

அந்த வழியாக வந்த மாரித் என்னைக் கண்டுவிட்டாள். அவர்கள் மொழியில் எனக்கு நன்றாக வருவது தொழிற்சாலைச் சொற்கள்தான். உப்பு என்ற சொல்லை நான் நாளுக்கு நூறு தடவை கேட்கிறவன். "நான், உப்பு, தண்ணீரில். ஒவ்வொரு தடவையும். பொய் சொன்னேன்." இவ்வளவுதான் சொன்னேன்.

அவள் என்னை அறைக்குள் கூட்டிப்போய் உட்கார வைத்தாள். நான் புரிந்துகொள்ளும்படி மெதுவாகப் பேசினாள். அவளுடைய தகப்பனார் மீன் பிடிக்கிறவராம். கையை வெட்டிக்கொண்டால் கடலில் விட்டு ஆட்டிவிட்டு வேலையைத் தொடர்வாராம். "உப்பு மீன் ஊரில் இருந்துகொண்டு, உப்பு போடாதீர்கள் என்று தனியாகச் சொல்ல எனக்குத் தோன்றவில்லையே. அது என் தவறு" என்றாள். பிறகு, "நல்ல செய்தி கொண்டுவந்திருக்கிறீர்கள். மருந்து தோற்றுவிட்டது என்று நினைத்தேன். இன்னும் அதைச் சரியாகப் பாவித்தே பார்க்கவில்லை" என்றாள்.

அங்கேயே தொலைபேசியை எடுத்துச் சத்திரசிகிச்சை மருத்துவரோடு பேசினாள். கொஞ்சம் வாதாடினாள் என்று குரலில் தெரிந்தது. எலும்பு இன்னும் கெடவில்லை, காய்ச்சல் இல்லை, மூன்று வாரம் பொறுக்கலாம், அதற்குள் மோசமானால் உடனே வரவேண்டும் என்று முடிவானது.

வெளிநாட்டு வாழ்க்கையில் எங்களை முறைத்தவர்கள் உண்டு, அலைய வைத்த அலுவலகங்கள் உண்டு. அதையெல்லாம் எழுதச் சொன்னால் எழுதலாம். ஆனால் கேட்டபோது மறைத்த ஒருவனை உட்கார வைத்து, பாதிப் பழியைத் தன் மேல் எடுத்துக்கொண்டு, அவனுக்காக வாதாடிய அந்தப் பெண்ணை எழுதாமல் மற்றதை எழுதினால் அது நியாயமில்லை.

7

மூன்று வாரமாக வெறும் தண்ணீர். கட்டு மாற்றும் நாளில் அனுஷா பக்கத்தில் நின்று போத்தலின் மூடியைத் தானே திறந்து தருகிறாள். என்னை நம்பவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை, அறையை விட்டு வெளியே வருகிறாளே.

"அப்பாவோட கையப் பாரும்மா" என்பாள் புஷ்பம். "பத்தொன்பது வருசத்து உப்பு. அது பட்டாலே போதும்."

"அதுக்குத்தான் கையுறை" என்பாள் அனுஷா.

வாடை போய்விட்டது. இரண்டாவது வாரம் சுரண்டும்போது வழுக்கல் குறைவு என்றாள் மாரித். தாளால் ஆன அளவுகோலை வைத்துப் புண்ணை அளந்து குறித்துக்கொண்டாள். ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் வந்திருக்கிறது. மூன்றாவது விரலின் வீக்கம் வற்றியிருக்கிறது. ஆனால் அவள் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. வெள்ளி எல்லாக் கிருமியையும் எப்போதும் வெல்லும் என்று நினைக்க வேண்டாம், இரத்த ஓட்டமும் சீனியும் சரியாக இருக்க வேண்டும் என்கிறாள். இரண்டாம் விரலின் நுனி இன்னும் கறுப்பாகத்தான் இருக்கிறது. நாளைக்கு என்ன சொல்வார்களோ.

ஊரில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். உப்புத் தண்ணீர் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. புண் கழுவ இங்கேயும் அளவாக உப்புச் சேர்த்த தண்ணீர் பாவிக்கிறார்கள். இந்த வெள்ளிக் கட்டோடு சேர்த்தால்தான் ஆகாது. இப்போது லயங்களில் சீனி வருத்தம் கூடியிருக்கிறது என்று புஷ்பத்தின் அக்கா பண்டாரவளையிலிருந்து பேசும்போது சொல்கிறார். இந்த மாதிரிக் கட்டு அங்கேயும் யாருக்காவது வைக்கப்படலாம். என்ன செய்கிறீர்கள் என்று தாதி கேட்டால், வீட்டில் செய்வதை அப்படியே சொல்லிவிடுங்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

மறுநாள் குறிப்பு: இதை அனுப்பாமல் வைத்திருந்தேன். இன்று பத்தே காலுக்கு உள்ளே கூப்பிட்டார்கள். மருத்துவர் இளைஞர். படம் எடுத்துப் பார்த்தார், விரலை ஊசியால் தொட்டுப் பார்த்தார். இரண்டாம் விரலில் நகம் இருக்கும் நுனியை மட்டும் செவ்வாய்க்கிழமை எடுப்பார்களாம். மற்ற எதையும் வெட்டத் தேவையில்லை என்றார். புஷ்பம் முதியோர் இல்லத்துக்குத் தொலைபேசி எடுத்து இன்னும் ஒரு மாதம் லீவு கேட்டாள், கொடுத்தார்கள். ஒரு மணி பஸ்ஸில் வீட்டுக்கு வந்தோம். இரண்டு மணிக்கு நான் வேலைக்குப் போனேன்.